லண்டன் வேண்டாமென்ற லொறி

ஒரு லொறியை வாங்குவதற்கு முன் நான் முதலில் பார்ப்பது அதன் அடிவயிற்றை. கிழக்கு லண்டனில் ரெயின்ஹாம் பக்கம், ஏ13 சாலையின் இரைச்சல் கேட்கும் தூரத்தில் இருக்கிறது எங்கள் யார்ட். அங்கே ஒரு பழைய கம்பளத் துண்டு வைத்திருக்கிறேன். மழை பெய்தாலும் அதை விரித்து, டார்ச் லைட்டோடு சேஸிக்குக் கீழே படுத்துவிடுவேன். இந்தத் தொழிலை எனக்குப் பழக்கியவர் இணுவிலைச் சேர்ந்த ஒரு மெக்கானிக் அண்ணை. "தம்பி, பெயின்ற் பளபளக்குதெண்டு மயங்காதை. கீழ படுத்துப் பார். வெல்டிங் பிடிச்ச இடம், ஒயில் கசியிற இடம், துரு திண்ட இடம் எல்லாம் அங்கதான் கிடக்கும்" என்பார். அவர் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. கம்பளத் துண்டு அவருடையது.

இங்கிலாந்து லொறிக்குத் துரு பெரிய எதிரி. குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமலிருக்க உப்புத் தூவுவார்கள். பத்துக் குளிர்காலம் ஓடிய லொறியின் அடியில் அந்த உப்பு எங்கெங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து, சுத்தியலால் மெல்லத் தட்டித்தான் சொல்ல முடியும். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். அரித்த இரும்பு ஓட்டை மண்சட்டி போலக் கேட்கும். இந்தச் சத்தத்தை நம்பித்தான் பல ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற ஒருவர், வண்டியை ஒருமுறைகூட நேரில் பார்க்காமல், எனக்குப் பணம் அனுப்புகிறார்.

நான் செய்வது பழைய லொறி, ட்ரெய்லர் ஏற்றுமதி. இந்தத் தொழிலில் இருபது வருடத்துக்கு மேலாகிறது. ஊரிலிருந்து பேசுகிறவர்கள் கேட்பார்கள்: "லண்டனிலை ஓடின லொறியை ஆர் வாங்குறது? எங்கை போகுது?" அதற்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டுமென்று நீண்ட நாளாக நினைத்திருந்தேன்.

2021 மார்ச் மாதத்திலிருந்து சொல்கிறேன். அந்த மாதம் எங்கள் யார்ட் வாசலில் லொறிகள் வரிசையில் நின்றன. மார்ச் 1ஆம் தேதி முதல், லண்டனின் மாசுக் கட்டுப்பாட்டு வலயத்துக்குள் 3.5 டன்னுக்கு மேற்பட்ட லொறி ஓட வேண்டுமானால் அதன் எஞ்சின் யூரோ 6 என்ற புகைத் தரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளொன்றுக்கு 100 பவுண் கட்ட வேண்டும். யூரோ 4 தரத்தையும் எட்டாத வண்டிக்கு 300 பவுண். வலயம் என்றதும் நகர நடுவிலுள்ள நாலு தெரு என்று நினைக்க வேண்டாம். பெருநகர லண்டன் ஏறக்குறைய முழுவதும் அதற்குள் அடங்கும். இரவு, பகல், ஞாயிறு, நத்தார் என்ற விலக்கும் கிடையாது. இந்த வலயம் 2008 பெப்ரவரியில் 12 டன்னுக்கு மேற்பட்ட பெரிய லொறிகளோடு தொடங்கியது. பிறகு படிப்படியாக இறுகியது. கார்களையும் வான்களையும் பற்றிய இன்னொரு விதி 2019இல் நகர மையத்தில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 29 முதல் முழு லண்டனுக்கும் வந்தது. பத்திரிகைகளில் பெரிய சண்டையெல்லாம் அதைப் பற்றித்தான். லொறிக்காரர்களின் கதை அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

அந்த மாதம் முதல் ஆளாக வந்தவர் டகென்ஹாமில் மண்ணும் சல்லியும் ஏற்றும் சிறு முதலாளி, வெள்ளைக்காரர். நாலு அச்சுள்ள டிப்பர், 2012இல் புதிதாக வாங்கியது, யூரோ 5 எஞ்சின். யூரோ 6 பெரும்பாலும் 2014இலிருந்து வந்த லொறிகளில்தான் இருக்கும். வாரத்தில் ஆறு நாள் ஓடினால் அவர் வருடத்துக்கு 30,000 பவுணுக்கு மேல் கட்ட வேண்டும். அந்த டிப்பரை விற்றால்கூட அவ்வளவு வராது. "இதில் ஒரு கோளாறும் இல்லையே" என்று அவர் இரண்டு மூன்று தடவை சொன்னார். உண்மைதான். நான் கீழே படுத்துப் பார்த்தேன், ஒரு கோளாறும் இல்லை. சாவியைக் கொடுத்துவிட்டு, உள்ளே ஏறி, கண்ணாடியில் தொங்கிய மகளின் சிறு பொம்மை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

அந்த டிப்பர் சவுத்ஹாம்ப்டனில் கப்பலேறி தான்சானியாவின் தாருஸ்ஸலாம் துறைமுகத்தில் இறங்கியது. அங்கிருந்து ஒரு ஓட்டுநர் துண்டுமா எல்லைச் சாவடி வழியாக சாம்பியாவுக்கு ஓட்டிப் போனார். லுசாக்கா வரை ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். சில மாதம் கழித்து, செம்மண் ஏற்றிய நிலையில் அதன் படம் என் வாட்ஸ்அப்புக்கு வந்தது. கதவில் டகென்ஹாம் முதலாளியின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் யாரும் அழிக்கவில்லை.

ஏன் சாம்பியா, ஏன் போலந்து இல்லை என்று கேட்டால், காரணம் ஸ்டியரிங். பிரிட்டனில் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ஸ்டியரிங் வலப்பக்கம். ஐரோப்பியப் பெருநிலத்தில் எல்லாம் மறுபக்கம். ஆகவே லண்டனில் ஓய்வு பெறும் லொறிக்கு வாங்குபவரைத் தேடும்போது உலக வரைபடத்தில் பழைய பிரிட்டிஷ் ஆட்சியின் தடத்தைத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டு போகிறோம்: கென்யா, தான்சானியா, உகாண்டா, மலாவி, சாம்பியா, சிம்பாப்வே, ஜமைக்கா, டிரினிடாட். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அயர்லாந்து, சைப்ரஸ், மால்டா மூன்றில் மட்டும் எங்கள் ஸ்டியரிங் செல்லும். நைஜீரியாவும் கானாவும்கூட பிரிட்டன் ஆண்ட நாடுகள்தான். ஆனால் சுற்றியுள்ள பிரெஞ்சு நாடுகளில் வலப்பக்க ஓட்டம் இருந்ததால் நைஜீரியா 1972இலும் கானா 1974இலும் பக்கம் மாறிவிட்டன. அதனால் அந்தப் பெரிய சந்தைகள் எங்கள் லொறிக்குக் கிடையாது. அவை ஆன்ட்வெர்ப் துறைமுகத்துக்குப் போய்விட்டன. ஐம்பது வருடத்துக்கு முன் லாகோஸில் எடுத்த முடிவு இன்றும் ரெயின்ஹாமில் ஒரு லொறியின் விலையைத் தீர்மானிக்கிறது.

பெருநிலத்தின் வியாபாரம் எங்களுடையதைவிடப் பல மடங்கு பெரியது. நெதர்லாந்தில் வூரன் என்ற சிற்றூருக்கு ஒருமுறை போயிருக்கிறேன். ஏ15 நெடுஞ்சாலையோரம் க்ளெய்ன் ட்ரக்ஸ் என்ற குடும்ப நிறுவனத்தின் களம். நூற்றுக்கணக்கான லொறிகள் முகத்தை ஒரே திசையில் வைத்துக்கொண்டு நின்றன. அரபு பேசுகிறவர், ரஷ்ய மொழி பேசுகிறவர், பிரெஞ்சு பேசுகிறவர் என ஒவ்வொருவரும் ஒவ்வொரு லொறியின் எஞ்சினையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ ஒரு பெரிய நிறுவனம் லொறியைப் புதிதாக எடுத்து நாலைந்து வருடம் ஓட்டும். அதற்குமேல் பழுது பார்க்கும் செலவு கூடும் என்று கைமாற்றும். இரண்டாவது கை பெரும்பாலும் போலந்து, ருமேனியா, லித்துவேனியா. மூன்றாவது கை காக்கேசஸ், மத்திய ஆசியா, மத்திய கிழக்கு, மேற்கு ஆப்பிரிக்கா. அதற்குப் பிறகும் அந்த லொறிக்குப் பத்து, பதினைந்து வருட ஆயுள் இருக்கும்.

ட்ரெய்லரின் கதை வேறு. அதற்கு எஞ்சினும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. ஆகவே யூரோ 6 என்ற கவலையும் இல்லை. முன்னால் இழுக்கும் வண்டியை, இலங்கையில் சொல்வது போல, பிரைம் மூவர் என்போம். அதோடு ட்ரெய்லரைப் பூட்டுவது கிங் பின் என்ற ஒரு தடித்த இரும்பு முளை. அதன் வழக்கமான அளவு 2 அங்குலம். இங்கிலாந்தில் செய்த ட்ரெய்லரை லுசாக்காவிலோ லாகோஸிலோ பூட்டலாம். கிங் பின் தேய்ந்திருக்கிறதா என்று கருவி வைத்து அளந்து பார்க்காமல் நான் ட்ரெய்லர் வாங்குவதில்லை. தேய்ந்த முளையோடு மலைப்பாதையில் 40 டன் இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

உயரம் மட்டும் தொல்லை தரும். பிரிட்டனில் லொறியின் உயரத்துக்குப் பொதுவான சட்ட வரம்பு இல்லை. பாலத்தின் அடியில் நுழைந்தால் சரி. அதனால் சூப்பர் மார்க்கெட்காரர்கள் 4.9 மீட்டர் உயரத்தில் இரண்டு தட்டு ட்ரெய்லர்கள் செய்து வைத்திருக்கிறார்கள். பெருநிலத்தில் பொதுவான வரம்பு 4 மீட்டர். அந்த உயர்ந்த ட்ரெய்லர்கள் இந்தத் தீவை விட்டு வெளியேற வழியில்லாமல், கடைசியில் யாரோ ஒரு விவசாயியின் களஞ்சியமாக வயலில் நின்றுவிடுகின்றன. கன்டெய்னர் ஏற்றும் வெறும் சட்ட ட்ரெய்லர் அப்படியல்ல. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று நாலு அடுக்கி ஒரே இடத்தில் அனுப்பலாம். கப்பல்காரர் அளப்பது நீளமும் கன அளவும்தான். ஆகவே அடுக்கத் தெரிந்தவனுக்கே இந்த வியாபாரத்தில் இலாபம்.

எனக்குப் பழைய இங்கிலாந்து வண்டிகளோடு உறவு லண்டனில் தொடங்கியதல்ல. சாவகச்சேரியில் அப்பா ஒரு பெட்போர்ட் லொறி வைத்திருந்தார். டன்ஸ்டபிள் நகரில் செய்யப்பட்டது. நீர்வேலி, உரும்பிராய்ப் பக்கத்து வெங்காயத்தை ஏற்றி, ஆனையிறவு தாண்டி, கொழும்பு நாலாம் குறுக்குத் தெருவில் இறக்குவார். அது அவருக்கு எத்தனையாவது கையாக வந்ததோ தெரியாது. 1973இல், எனக்கு ஒன்பது வயது, ஒரு பயணத்தில் என்னையும் கூட்டிப் போனார். கொழும்புக் கோட்டையில் இரண்டு தட்டு பஸ்ஸை முதன்முதலில் கண்டேன். பின்பக்கம் ஏறும் படி. மேல் தட்டில் முன் வரிசையில் உட்கார வேண்டுமென்று அடம்பிடித்தேன். அப்பா வெங்காயக் காசை எண்ணிக்கொண்டே என்னை ஏற்றிவிட்டார். "இது லண்டனிலை ஓடின பஸ்ஸடா" என்றார்.

அவர் சொன்னது சரி. 1958இல் இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்த பிறகு, லண்டன் டிரான்ஸ்போர்ட் கழித்துவிட்ட ஆர்டி வகை இரட்டைத் தட்டு பஸ்களை நூற்றுக்கணக்கில் இலங்கை வாங்கியது. அந்தக் குடும்பத்தில் லேலண்ட் எஞ்சின் பூட்டியவையும் உண்டு. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அந்தப் பெயர் அந்நியமல்ல. லேலண்ட் என்பது லங்காஷயரில் ஒரு சிறு நகரம். 1948இல் பிறந்து எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டிய அசோக் மோட்டார்ஸ், அந்த நகரத்து நிறுவனத்தைச் சேர்த்துக்கொண்டு 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. லேலண்டில் இன்று டாஃப் லொறிகள் செய்கிறார்கள். என் யார்டுக்கு வரும் லொறிகளில் பல அங்கே பிறந்தவை.

லண்டனில் கடைசி ஆர்டி பஸ் ஓடியது 1979 ஏப்ரல் 7இல், பார்க்கிங் டிப்போவின் 62ஆம் இலக்கப் பாதையில். நான் இப்போது குடியிருப்பது அதே பார்க்கிங்கில். என் சிறுவயதில் கொழும்பில் நான் ஏறிய பஸ்ஸின் உடன்பிறப்புகள் என் வீட்டுத் தெருவோரமாக ஓடியிருக்கும் என்பதை அறிந்த நாளில் அப்பாவை நினைத்து அழுதேன்.

லண்டனில் கழித்த வண்டி என்றால் முகம் சுளிப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். அந்த பஸ்களில் ஒரு தலைமுறை வேலைக்கும் பள்ளிக்கும் போனது. அப்பாவின் பழைய பெட்போர்ட்தான் எங்களைப் படிக்க வைத்தது. புது லொறி வாங்க வசதியில்லாத ஒருவனுக்கு நல்ல பழைய லொறி ஒரு வாழ்க்கை. ஒரு லொறியோடு தொடங்கி மூன்று லொறிக்குச் சொந்தக்காரரான வாடிக்கையாளர்கள் எனக்கு மலாவியில் இருக்கிறார்கள்.

ஆனால் இன்னொரு நினைவும் இருக்கிறது. 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்து, பெற்றோலும் டீசலும் நின்றுபோயின. பெட்போர்ட் முற்றத்தில் நின்றது. அப்பா ஒரு பழைய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் காரை எடுத்து ஹயர் ஓடினார். மண்ணெண்ணெயில்தான். ஸ்டார்ட் எடுக்க மட்டும் காபரேற்றருக்குள் சிறு போத்தலால் சில துளி பெற்றோலைப் பீச்சுவோம். பிறகு மண்ணெண்ணெயில் இழுத்துக்கொண்டு ஓடும். அந்தப் புகை தெருவெல்லாம் நின்றது. கண் எரியும், தொண்டை கரகரக்கும். என் தங்கைக்கு முட்டு வருத்தம், அதாவது ஆஸ்துமா, வந்தது அந்த வருடங்களில்தான். இரவில் அவள் மூச்சுக்கு இழுப்பதைக் கேட்டுக்கொண்டு அம்மா விளக்கோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அப்போது எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. 1994இல் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து நான் வெளியேறியபோதும் அவள் இழுத்துக்கொண்டுதான் இருந்தாள்.

2013 பெப்ரவரியில், தென்கிழக்கு லண்டன் லூயிஷமில், எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி ஆஸ்துமாவால் இறந்தாள். அவளுடைய வீடு சவுத் சர்க்குலர் என்ற நெரிசலான சாலைக்கு அருகில் இருந்தது. தாய் ரோசமண்ட் விடாமல் போராடினார். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, அவளுடைய சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று தீர்ப்பு எழுதினார். பிரிட்டனில் ஒருவரின் மரணத்துக்குக் காரணமாகக் காற்று மாசு பதிவானது அதுவே முதல் முறை. அந்தத் தீர்ப்பைப் பத்திரிகையில் படித்தபோது என் தங்கையின் மூச்சுச் சத்தம்தான் காதில் கேட்டது. லண்டனின் விதி என் தொழிலுக்கு எவ்வளவு தொல்லை கொடுத்தாலும், அது சரியான விதி என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, லண்டன் பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாத புகை லுசாக்காப் பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகுமா? இந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்காமல் இந்தத் தொழிலில் இருக்க முடியாது.

இதற்கு விடை வண்டியின் அடியில்தான் இருக்கிறது. யூரோ 6 லொறியின் சேஸி ஓரத்தில் பெரிய வெள்ளி நிறப் பெட்டி ஒன்று தெரியும். எஞ்சினிலிருந்து வரும் புகை அதற்குள் போய்த்தான் வெளியே வருகிறது. உள்ளே கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அதோடு, ஆட்புளூ என்ற யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளை முறிக்கும் பகுதியும் இருக்கிறது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்த பிறகு லொறிகளுக்கு டிஇஎஃப் ஊற்றுகிறார்களே, அதே திரவம்தான். இந்தப் பெட்டிக்குள் பிளாட்டினம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் உண்டு. அங்கேதான் ஆசை வருகிறது. பெட்டியை வெட்டி எடுத்து உலோகத்துக்கு விற்றுவிட்டு, கம்ப்யூட்டரை ஏமாற்றும் ஒரு சிப்பைப் பூட்டி, வெறும் குழாயோடு லொறியைக் கப்பலேற்றிவிடுகிறார்கள். வாங்குபவர் கேட்டும் செய்வார்கள், கேட்காமலும் செய்வார்கள்.

வாங்குபவர் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. அவருடைய நாட்டு டீசலில் கந்தகம் கூடுதலாக இருந்தால் அந்த வடிகட்டி அடைத்துவிடும். ஆட்புளூ எல்லா ஊரிலும் கிடைக்காது. சென்சார் ஒன்று பழுதானால் லொறி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நடுக்காட்டில், இரவில், சுமையோடு நிற்கிற ஓட்டுநருக்கு லண்டன் யார்டில் உட்கார்ந்து நான் என்ன பாடம் சொல்வது? ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில், "நீங்கள் அதைக் கழற்றாவிட்டால் இங்கே என் மெக்கானிக் கழற்றுவான். அதற்கு நீங்களே கழற்றி அந்தக் காசை விலையில் குறையுங்கள்" என்றார். அவருக்கு நான் மறுத்தேன். அவர் வேறு ஆளிடம் போய்விட்டார். அவரைப் போலப் பலரை இழந்திருக்கிறேன். யூரோ 6 ஓட முடியாத இடத்துக்கு நல்ல நிலையிலுள்ள யூரோ 5 லொறியை அனுப்புவேன். யூரோ 6ஐ வெட்டிக் கெடுத்து அனுப்ப மாட்டேன். வெட்டின லொறி, அது பிறந்த வருடத்துக்கு இருபது வருடம் முந்திய லொறியைப் போலப் புகை விடும்.

நிலைமை மாறிக்கொண்டும் வருகிறது. கென்யா, உகாண்டா, தான்சானியா, ருவாண்டா, புருண்டி ஐந்து நாடுகளும் 2015 ஜனவரி முதல் குறைந்த கந்தக டீசலுக்கு மாறின. பத்து இலட்சத்தில் 50 பங்குக்கு மேல் கந்தகம் கூடாது. கென்யா எட்டு வருடத்துக்கு மேற்பட்ட வண்டியை எடுப்பதில்லை. ஏற்றும் முன்பே பரிசோதனைச் சான்றும் கேட்கும். எனக்கு மிகவும் பிடித்த வாடிக்கை நாடு கென்யாதான், கடுமையாகக் கேட்பதனால். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2020 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது: 2015 முதல் 2018 வரை உலகில் ஏற்றுமதியான பழைய கார், வான் போன்ற இலகு வாகனங்கள் 1 கோடியே 40 இலட்சம். அதில் 40 சதவீதம் ஆப்பிரிக்காவுக்குப் போயின. நெதர்லாந்துத் துறைமுகங்கள் வழியாக ஆப்பிரிக்காவுக்குப் போனவற்றை அந்நாட்டு அதிகாரிகள் சோதித்தபோது, பெரும்பாலானவற்றுக்குச் செல்லுபடியான தகுதிச் சான்றிதழே இருக்கவில்லை. ஓட்டத் தகுதியற்ற வண்டிகளின் ஏற்றுமதியைத் தடுக்க ஐரோப்பிய ஆணையம் 2023 ஜூலையில் புதுச் சட்ட வரைவு ஒன்றை முன்வைத்தது அதற்குப் பிறகுதான்.

பிரிட்டனில் அப்படி ஒன்றும் இல்லை. இங்கே ஓடும் ஒவ்வொரு கனரக லொறியும் வருடாவருடம் சோதனைக்குப் போக வேண்டும். பிரேக் ஒரு பக்கம் இழுத்தாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆனால் அதே லொறி நாட்டை விட்டுப் போகும்போது அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று யாரும் கட்டாயமாகக் கேட்பதில்லை. ஸ்வான்சியில் உள்ள வாகனப் பதிவு அலுவலகத்துக்கு, பதிவுப் புத்தகத்தின் ஏற்றுமதித் துண்டை அனுப்பினால், நிரந்தரமாக வெளியேறியதாகப் பதிந்துகொள்வார்கள். அவ்வளவுதான். என் பேரப்பிள்ளையின் தெருவில் ஓடக் கூடாதென்று சட்டம் சொன்ன பிரேக்கை, இன்னொரு பிள்ளையின் தெருவுக்கு விற்க அதே சட்டம் விட்டுவிடுகிறது. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

காகித வேலையில் வேறு குறை இல்லை. சுங்க ஏற்றுமதிப் பத்திரம், கப்பல் ரசீது, சேஸி இலக்கப் படம் எல்லாம் வேண்டும். ஏற்றுமதிக்கு வாட் வரி இல்லை. ஆனால் வண்டி நாட்டை விட்டுப் போனதற்கான அத்தாட்சி மூன்று மாதத்துக்குள் கையில் இருக்க வேண்டும். ஒருமுறை 18,000 பவுணுக்கு விற்ற பிரைம் மூவருக்கு, கப்பல் ஏற்பாடு செய்த ஏஜென்ட் அந்த அத்தாட்சியைக் கடைசிவரை தரவில்லை. வரி 3,000 பவுணை என் கையிலிருந்து கட்டினேன். அன்றிலிருந்து அத்தாட்சி வரும்வரை வரித் தொகையை முன்பணமாக வாங்கி வைத்து, பிறகு திருப்பிக் கொடுக்கிறேன்.

பிரெக்சிட்டுக்கு முன் அயர்லாந்துக்கு லொறி விற்பது பக்கத்து ஊருக்கு விற்பது போல. வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பார்கள், சனிக்கிழமை ஓட்டிக்கொண்டு போவார்கள். 2021 ஜனவரியிலிருந்து ஏற்றுமதிப் பத்திரம், இறக்குமதிப் பத்திரம், அங்கே 23 சதவீத வாட், லொறி எங்கே செய்யப்பட்டது என்பதைப் பொறுத்துச் சுங்க வரி. எங்கள் யார்டுக்கு வருடம் முழுக்க வந்துகொண்டிருந்த இரண்டு அயர்லாந்துக்காரர்கள் இப்போது நத்தாருக்கு வாழ்த்து மட்டும் அனுப்புகிறார்கள்.

ஊரிலிருந்தும் கேட்பார்கள். போர் முடிந்த 2009க்குப் பிறகு, "ஒரு டிப்பர் அனுப்பேலாதோ?" என்று எத்தனையோ அழைப்பு. ஸ்டியரிங் பக்கம் சரிதான். ஆனால் அங்கே டாட்டாவுக்கும் அசோக் லேலண்டுக்கும் இசுசுவுக்கும் உதிரிப்பாகம் கொடிகாமம் சந்தியிலும் கிடைக்கும். டாஃப் லொறியின் ஒரு கிளச் பிளேட்டுக்கு எங்கே போவார்கள்? 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியதோடு அந்தப் பேச்சும் நின்றது. தடை தளர்ந்து 2025இல் மறுபடி திறந்ததும் அழைப்புகள் திரும்பத் தொடங்கியிருக்கின்றன. பாகம் கிடைக்காத லொறியை விற்பது, வாங்கினவனை ஏமாற்றுவது. சொந்தக்காரராக இருந்தாலும் நான் அதைச் செய்வதில்லை.

பிரிட்டனில் 26 டன் வரையிலான புதிய டீசல் லொறி விற்பனை 2035இலும், மற்றவை 2040இலும் நிற்கும் என்று அரசு அறிவித்திருக்கிறது. அப்படியானால் இனி வரும் வருடங்களில் இந்த நாட்டின் டீசல் லொறிகள் எல்லாம், ஒன்று விடாமல், யாரோ ஒருவரின் ஊரைத் தேடிப் புறப்படும். இந்த வெள்ளத்துக்கு முன்னால் ஒரு விதி வேண்டும்: செல்லுபடியான சோதனைச் சான்றிதழும், வெட்டப்படாத புகைப் பெட்டியும் இல்லாத லொறி துறைமுக வாசலைத் தாண்டக் கூடாது. எங்கள் பகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு இதை எழுதியிருக்கிறேன். இங்கே வாக்குரிமை உள்ள தமிழர்களே, நீங்களும் உங்கள் உறுப்பினருக்கு எழுதுங்கள்.

ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் லொறி வாங்க நினைக்கும் தமிழர்களுக்கு ஒரு சொல். விற்பவர் அனுப்பும் படத்தில் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். சேஸிக்குக் கீழே படுத்து எடுத்த வீடியோ கேளுங்கள். கடைசிச் சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள். யூரோ 6 என்று சொல்லி விற்றால், ஓரத்தில் அந்த வெள்ளிப் பெட்டி முழுசாக இருக்கிறதா, ஆட்புளூ குழாய் அதற்குள் போகிறதா என்று ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.